சமையலறை ஃபேஸ் பேக்குகள்: பாதி முகத்தில் மட்டும் போட்டுப் பார்த்தேன்

என் இடது தாடைக்குக் கீழே கழுத்தை நோக்கி ஒரு கோடு இருந்தது. சுண்டுவிரல் அகலம், பழுப்பு நிறம். மேலே தடித்து, போகப்போக மெலிந்து, நுனியில் ஒரு சொட்டு மாதிரி முடியும். எலுமிச்சைச் சாறு வழிந்த தடம் அது. தேனும் எலுமிச்சையும் கலந்து முகத்தில் பூசிக்கொண்டேன், கால் மணி நேரம் கழித்து முகத்தைக் கழுவினேன், தாடைக்கு அடியில் வழிந்து இறங்கியதைக் கவனிக்கவில்லை. அன்று பள்ளியில் விளையாட்டு விழா. மதியம் வரை மைதானத்தில் வெயிலில் நின்றேன். மறுநாள் அந்த இடம் சிவந்து எரிந்தது. அதற்கு அடுத்த நாள் பொடிப்பொடியாகக் கொப்புளம். அது வற்றிய பிறகு இந்தக் கோடு. முழுசாக மறைய ஐந்து மாதம் ஆனது.

தோல் மருத்துவர் பார்த்ததுமே, "எலுமிச்சை ஏதாவது பட்டதா?" என்றுதான் கேட்டார். எலுமிச்சை இனப் பழங்களில் ஃபியூரனோகூமரின் என்ற வகைப் பொருட்கள் இருக்கின்றன. அவை தோலில் இருக்கும்போது வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் செல்கள் வெந்துபோகின்றன. அலர்ஜி உள்ளவர்களுக்குத்தான் வரும் என்று இல்லை, சாறும் வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரலாம் என்றார். சமையலறைப் பொருள்தானே, என்ன செய்துவிடும் என்று நினைத்துத்தான் நான் அதைப் போட்டேன். அந்த நினைப்பு அன்றோடு போனது.

நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 43. கன்னம் இரண்டும் வறண்டவை, நெற்றியும் மூக்கும் மட்டும் எண்ணெய் வடியும். ஃபேஸ் பேக் போடுவது எனக்குப் பிடிக்கும், அதை விட மனசில்லை. அதனால் இந்த முறை ஒழுங்காகப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள். வாரம் ஒரு முறை, ஒவ்வொன்றும் மூன்று வாரம். வலது கன்னத்தில் பேக், இடது கன்னத்தில் அதே நேரம் வெறும் ஈரத்துணி. கழுவித் துடைத்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, என் பதினாறு வயது மகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கன்னத்தையும் தொட்டு எது மிருதுவாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் போட்டேன் என்று அவளுக்குச் சொல்ல மாட்டேன். சில வாரம் பக்கத்தை மாற்றியும் போட்டேன். கூடவே ஒவ்வொரு கலவையையும், அது அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பிஎச் தாளில் தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்தேன். தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது, பிஎச் ஏறக்குறைய 4.5 முதல் 5.5 வரை. அதிலிருந்து ரொம்பத் தள்ளிப் போகிற எதையும் முகத்தில் ஊற வைப்பது நல்லதில்லை என்பதால்தான் இந்தத் தாள் வேலை.

ஒரு மனுஷியின் முகம், ஒரு பெண்ணின் விரல். இதை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் கண்ணாடி முன்னால் நின்று "பளிச்சுனு இருக்கு" என்று நானே நினைத்துக்கொண்டதைவிட இது எனக்கு நிறையச் சொல்லிக் கொடுத்தது.

முதலில் ஜெயித்ததைச் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸ். மூன்று வாரமும் மகள் தயங்காமல் சரியான கன்னத்தைக் காட்டினாள். மூன்றாவது வாரம் தொட்டதுமே "இதும்மா, இதுல என்னமோ போட்டிருக்க" என்றாள். ஓட்ஸை நேராக ஊறவைத்துப் பூசினால் கஞ்சி மாதிரி கட்டி கட்டியாக நிற்கும், முகத்தில் ஒட்டாமல் சட்டையில்தான் விழும். மிக்சியில் மாவாக அரைக்க வேண்டும். அரைத்தது போதுமா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது: ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் மாவைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுத்து அப்படியே நின்றால் சரி. மாவு அடியில் போய் உட்கார்ந்து மேலே தண்ணீர் தெளிந்துவிட்டால் இன்னும் அரைக்க வேண்டும். சரியாக அரைந்த மாவில் இரண்டு ஸ்பூன் எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் குழைத்து ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். திறந்து பார்த்தால் அது மாவாக இருக்காது. ஸ்பூனைத் தூக்கினால் வழவழவென்று நூல் மாதிரி இழுபடும். அந்த வழவழப்புதான் சரக்கு. பீட்டா குளுக்கன் என்ற நார்ப்பொருள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் வருகிறது. அரிப்பைத் தணிக்கிற அவெனாந்திரமைடு என்ற பொருட்களும் ஓட்ஸில் இருக்கின்றன. நைசாக அரைத்த ஓட்ஸை, அதாவது கூழ்ம ஓட்ஸை, தோல் காக்கும் பொருளாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003ஆம் ஆண்டு விதிமுறையிலேயே சேர்த்திருக்கிறது. சமையலறையிலிருந்து முகத்துக்கு வருகிற பொருட்களில் இந்த அளவுக்கு அங்கீகாரம் பெற்றது அபூர்வம்.

போட்டதும் எரியவில்லை, இழுக்கவில்லை, வாசனையும் தொந்தரவில்லை. கழுவும்போது மட்டும் வழுக்கிக்கொண்டே இருக்கும், முடி ஓரத்தில் கொஞ்சம் தங்கும், பொறுமையாகக் கழுவ வேண்டும். சர்க்கரையும் வாசனையும் சேர்த்துப் பொட்டலமாக வரும் உடனடி ஓட்ஸ் வேண்டாம், வெறும் ஓட்ஸ் போதும். சிங்க்கில் ஊற்றும்போது நிறையத் தண்ணீர் விடுங்கள், இல்லாவிட்டால் குழாய் அடைக்கும். ஐந்துக்கு ஐந்து. வேறு எதற்கும் இதை நான் கொடுக்கப் போவதில்லை.

அடுத்தது தேன். இதற்கு ஐந்துக்கு நாலு. தேனில் தண்ணீர் சுமார் 17, 18 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் சர்க்கரை. அதனால் அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். காய்ந்த முகத்தில் அப்படியே பூசினால் தோலை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நகரவே நகராது. முதல் வாரம் நான் அப்படித்தான் பூசினேன், காதோர முடி நாலைந்து அதில் மாட்டி, பிய்த்து எடுக்க வேண்டியதாயிற்று. முகத்தை நனைத்து, துடைக்காமல், அந்த ஈரத்திலேயே அரை ஸ்பூன் தேனை மெல்லிசாகத் தேய்த்தால் நன்றாகப் பரவுகிறது. பத்து நிமிடம் போதும். கழுவியதும் கன்னம் நிஜமாகவே மெத்தென்று இருந்தது. மகள் மூன்றுக்கு மூன்று சரியாகச் சொன்னாள், ஆனால் மறுநாள் காலையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஓட்ஸ் அன்று தெரிந்தது.

தேன் பருவைக் கொல்லும் என்று சொல்வதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. தேனில் தண்ணீர் கலந்தால் அதிலுள்ள குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்து கொஞ்சம் கொஞ்சமாக ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். அது கிருமியை அடக்கும். புண்ணுக்குக் கட்டுப் போடவும் தேனைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அந்த மருத்துவத் தேன் காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கியது. நம் வீட்டுப் பாட்டிலில் இருப்பது அப்படி இல்லை. உடைந்த பருவின் மேலும், கீறல் மேலும் அதைப் பூசாதீர்கள். இன்னொன்று, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: ஒரு வயது நிறையாத குழந்தையின் வாயில் தேன் படவே கூடாது. போட்யூலிசம் என்ற ஆபத்தான நோயை உண்டாக்கும் கிருமியின் விதைகள் அதில் இருக்கலாம். கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முகத்தில் தேனோடு குழந்தையைத் தூக்க வேண்டாம். குழந்தை கன்னத்தைச் சப்பும்.

தயிரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத்தான் எல்லாரும் போடுகிறார்கள், இதில்தான் உண்மையும் மிகையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. தயிரின் புளிப்புக்குக் காரணம் லாக்டிக் அமிலம். புளித்த பாலிலிருந்து 1780இல் ஸ்வீடன் நாட்டு வேதியியலாளர் ஷீலே பிரித்தெடுத்தது அதைத்தான். இந்த வகை அமிலங்கள் தோலின் மேலடுக்கில் இறந்த செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதைத் தளர்த்தி உதிரவிடும் என்பதை 1974இல் வான் ஸ்காட், யூ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதிலிருந்துதான் இன்றைக்கு விற்கும் ஆசிட் சீரம் எல்லாம். சரி, தயிரில் எவ்வளவு இருக்கிறது? ஏறக்குறைய 1 சதவீதம். சீரம்களில் 5, 10 சதவீதம் வரை போடுகிறார்கள். அதனால் தயிர் அதே திசையில் போகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக நடந்து போகிறது. என் பிஎச் தாளில் புதுத் தயிர் நாலரையை ஒட்டி வந்தது, இரண்டு நாள் புளித்தது நாலுக்குப் பக்கத்தில். முகத்துக்கு ஏற்ற அளவுதான்.

அப்படியே எடுத்துப் பூசினால் தண்ணீர் பிரிந்து கழுத்தில் இறங்கும். என் தாடைக் கோட்டுக்கு அப்புறம் எது வழிந்தாலும் எனக்குப் பதறுகிறது. மெல்லிய துணியில் அரை மணி நேரம் கட்டித் தொங்கவிட்டு, கெட்டியாக மிஞ்சுவதை எடுத்தால் வெண்ணெய் மாதிரி நிற்கும். பத்து நிமிடம். முதல் வாரம் மூக்கோரத்தில் லேசாகச் சுருக்கென்றது, அப்புறம் இல்லை. மகள் மூன்றில் இரண்டு முறை சரியாகச் சொன்னாள். எனக்குப் பிடித்தது வேறொன்று: நெற்றியில் இருக்கும் சொரசொரப்பு மூன்றாவது வாரம் குறைந்திருந்தது. தயிர் போட்டால் ராத்திரியில் போடுங்கள், மறுநாள் வெளியே போகும்போது சன்ஸ்கிரீன் போடுங்கள். இந்த அமில வகை தோலை வெயிலுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கூசவைக்கும். மூன்றரை கொடுப்பேன்.

இப்போது நான் ஓட்ஸ் மாவைத் தண்ணீருக்குப் பதிலாக வடிகட்டிய தயிரில் குழைத்துப் போடுகிறேன், மாதம் இரண்டு முறை. கன்னத்துக்கு ஓட்ஸும் நெற்றிக்குத் தயிரும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது.

கடலை மாவில் குறை மாவில் இல்லை, நாம் அதை எடுக்கிற விதத்தில். மாவு எண்ணெயை உறிஞ்சும், அது உண்மை. என் மூக்கும் நெற்றியும் அரை நாள் எண்ணெய் இல்லாமல் இருந்தன. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? அது ஓடு மாதிரி காய்ந்து, சிரித்தால் வெடிக்கிற வரைக்கும் விட்டுவிட்டு, அப்புறம் பரபரவென்று தேய்த்து உதிர்க்கிறோம். அந்த இறுக்கம் தோலுக்கு நல்லது நடக்கிறது என்பதற்கு அடையாளம் என்று நானும் நம்பியிருந்தேன். உண்மையில் அது ஈரம் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம். இரண்டாவது வாரம் முழுசாகக் காயவிட்டுத் தேய்த்து எடுத்தேன், வலது கன்னம் சிவந்து அன்று ராத்திரி வரை காந்தியது. மகள் தொட்டுவிட்டு இடது பக்கம்தான் மிருது என்றாள், அதாவது வெறும் ஈரத்துணி ஜெயித்தது. ஓரம் வெளுக்க ஆரம்பித்து நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போதே தண்ணீர் தெளித்து இளக்கிக் கழுவுங்கள். எண்ணெய்ச் சருமக்காரர்களுக்கு நல்லது. வறண்ட கன்னத்துக்கு வேண்டாம்.

மாவு என்றதும் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதுவரை கோதுமை சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்கள், தினமும் தோலில் பட்டுப்பட்டு, பிறகு சாப்பிட்டாலே உடம்பு தடிக்கும் நிலைக்குப் போனார்கள். பிரிட்டனில் 2003இல் வந்த ஓர் ஆய்வு, நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தோல் அழற்சி உள்ள குழந்தைகளுக்குத் தடவியதற்கும் பின்னால் நிலக்கடலை ஒவ்வாமை வந்ததற்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. வெடிப்பும் அரிப்புமாக இருக்கும் தோல் வழியாக உணவுப் புரதம் உள்ளே போனால் உடம்பு அதை எதிரியாகப் பழகிக்கொள்கிறது. அதனால் எக்ஸிமா உள்ளவர்கள், குறிப்பாகக் குழந்தைகள், மாவும் முட்டையும் பாலும் தோலில் பூசிக்கொள்வதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். சாப்பிடத் தகுந்தது எல்லாம் பூசத் தகுந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

மஞ்சள்தூள். போட்டது ஒரு சிட்டிகை, சண்டை போட்டது துண்டோடு. முகம் துடைத்த வெள்ளைத் துண்டில் மஞ்சள் கறை, அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்ததும் ரத்தச் சிவப்பாக மாறியது. மகள் பயந்துவிட்டாள். நான் ஆய்வகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டுகிற அதே வேடிக்கைதான்: மஞ்சளிலுள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். அலசி வெயிலில் போட்டதும் இரண்டு நாளில் கறை தானாக வெளுத்தது, ஏனென்றால் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். முகத்துக்கு என்ன செய்தது? என் கன்னத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் மூன்றில் ஒரு முறைதான் சரியாகச் சொன்னாள், அது குருட்டாம்போக்கு. மஞ்சள்தூளில் குர்குமின் இருப்பதே நூற்றுக்கு மூன்று பங்கு போல, அதுவும் தண்ணீரில் கரையாது, தோலுக்குள் எளிதில் இறங்காது. அழற்சியைத் தணிக்கும் குணம் அதற்கு உண்டு என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்திருக்கிறார்கள், ஆனால் ஒரு சிட்டிகையைப் பத்து நிமிடம் பூசினால் அது நடக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நிறம் தூக்கலாகத் தெரிவதற்காக மஞ்சள்தூளில் லெட் குரோமேட் என்ற ஈய நஞ்சைக் கலக்கும் வழக்கம் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. கண்ணைப் பறிக்கிற அளவுக்கு மஞ்சளாக இருக்கும் தூளை முகத்திலும் போடாதீர்கள், குழம்பிலும் போடாதீர்கள்.

முட்டை வெள்ளைக்கரு என்னை ஏமாற்றியது. பூசிக் காய்ந்ததும் முகம் இழுத்துக் கட்டினாற்போல இருந்தது, கண்ணோரச் சுருக்கம் நிஜமாகவே மறைந்தது. ஓடிப்போய்க் கண்ணாடியில் பார்த்தேன், சந்தோஷமாக இருந்தது. கழுவினேன், போய்விட்டது. புரதம் காய்ந்து தோலின் மேல் ஒரு படலமாக இழுக்கிறது, அவ்வளவுதான். வெள்ளைக்கருவின் முக்கியப் புரதமான ஓவால்புமினின் மூலக்கூறு எடை சுமார் 45,000 டால்டன். 500 டால்டனுக்கு மேற்பட்டது நல்ல தோலைத் தாண்டி உள்ளே போவது கஷ்டம் என்று 2000ஆம் ஆண்டில் தோல் ஆய்வாளர்கள் ஒரு கணக்குச் சொன்னார்கள். இவ்வளவு பெரிய உருப்படி எப்படி உள்ளே போய்ச் சருமத்தை இறுக்கும்? பிஎச் தாளைத் தொட்டதும் எனக்கு இன்னொரு ஆச்சரியம்: ஒன்பதுக்குப் பக்கத்தில் காட்டியது. முட்டை பழசாக ஆக ஆக வெள்ளைக்கரு காரமாகிக்கொண்டே போகும், கிட்டத்தட்டச் சோப்பு அளவுக்கு. பச்சை முட்டையில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம், முகத்தில் பூசும்போது உதட்டில் படாமல் இருக்காது. நாற்றம் வேறு. இரண்டு வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

வெள்ளரிக்காய் 95 சதவீதம் தண்ணீர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தால் கண்ணுக்குச் சுகமாக இருக்கிறது, ஈரத்துணியும் அதே சுகம் தருகிறது. வாழைப்பழம் வழுக்கியது, வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை. உருளைக்கிழங்குச் சாறும் அப்படித்தான். தக்காளி எரிந்தது, ஒரே வாரம்.

பப்பாளியில் நான் தப்பித்தேன், என் அக்கா மாட்டிக்கொண்டாள். அக்கா நர்ஸ். ரப்பர் கையுறை போட்டால் அவளுக்குக் கை அரிக்கும். அதனால் பல வருஷமாக வேறு வகைக் கையுறைதான் போடுகிறாள். நான் பப்பாளி மசித்துக்கொண்டிருந்தபோது வந்தவள், "எனக்கும் கொஞ்சம் குடுடி" என்று கையை நீட்டினாள். நல்லவேளை, முகத்தில் போடுவதற்கு முன் முழங்கை மடிப்பில் வைத்துப் பார் என்று சொன்னேன். பத்து நிமிடத்தில் அந்த இடம் தடித்து, கொசு கடித்த மாதிரி நாலு இடத்தில் வீங்கியது. ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத சிலருக்குப் பப்பாளி, வாழைப்பழம், அவகாடோ, கிவி இவையும் ஒத்துக்கொள்ளாது, ஏனென்றால் அவற்றின் புரதங்கள் ஒரே சாயல். அவள் மருத்துவமனையில் வேலை பார்த்தும் இது அவளுக்கு அன்றுதான் தெரியும். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளும் முழங்கை மடிப்பைத் தாண்டாமல் முகத்துக்குப் போவதில்லை. பூசிக் கழுவிய பிறகு இரண்டு நாள் பொறுங்கள். சில ஒவ்வாமை உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் தலைகாட்டும்.

வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்பவற்றில் முதலாவது எலுமிச்சைதான். தாளில் இரண்டு காட்டியது. பிஎச்சில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுதல் என்று பொருள். தோலின் ஐந்துக்கும் இதன் இரண்டுக்கும் இடையே ஆயிரம் மடங்கு. வைட்டமின் சி கிடைக்கும் என்பார்கள். சீரத்தில் வேலை செய்யும் வைட்டமின் சி 10 முதல் 20 சதவீதம் வரை இருக்கும், எலுமிச்சைச் சாற்றில் 0.05 சதவீதம் போலத்தான். அந்தத் துளிக்காக இவ்வளவு அமிலத்தையும் வெயிலில் வேகவைக்கும் பொருளையும் பூசிக்கொள்ள வேண்டுமா? அடுத்தது சமையல் சோடா, அது எட்டைத் தாண்டுகிறது, எதிர்த் திசையில் தவறு. எலுமிச்சையையும் சோடாவையும் கலந்தால் நுரைக்கும், அந்த நுரை அழுக்கை எடுக்கிறது என்று சொல்வதை நம்பாதீர்கள். வெளியேறுவது கார்பன் டை ஆக்சைடு. வினிகரை ஊறவைத்துத் தோல் வெந்த நோயாளிகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். பட்டைத்தூள் வாசனையாக இருக்கும், ஆனால் அதிலுள்ள சின்னமால்டிஹைடு தோலை எரிக்கும், ஒவ்வாமையும் தரும். காபித்தூள், சர்க்கரை, உப்பு போட்டுத் தேய்ப்பது முழங்கைக்கும் குதிகாலுக்கும் சரி, முகத்துக்கு வேண்டாம்.

எந்த பேக் போட்டால் நிறம் கூடும் என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. பள்ளியில் பதிமூன்று வயதுப் பிள்ளைகள்கூடக் கேட்கிறார்கள், அது எனக்கு வலிக்கிறது. தோலின் நிறத்தைத் தருகிற மெலனின் மேல்தோலின் அடி அடுக்கில் உருவாகிறது. அங்கே பிறந்த செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய நாலு வாரம் ஆகிறது. நாம் கால் மணி நேரம் பூசுவது மேலே உதிரக் காத்திருக்கும் அடுக்கைத்தான் தொடுகிறது. காய்ந்த செல் நனைந்து படிந்தால் வெளிச்சம் ஒரே சீராகத் திரும்பும், அதுதான் நாம் பார்க்கும் பளபளப்பு. கறுப்பாக இருக்கும் கன்னத்திலும் அது அழகாகத்தான் வருகிறது, என் மகளின் கன்னம் கறுப்புதான், ஓட்ஸ் போட்டுக் கழுவியதும் மின்னும். நிறத்தை மாற்றுகிறேன் என்று வருகிற எந்தச் செய்முறையிலும் எலுமிச்சையோ சோடாவோ ஒளிந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்து ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா என்றால், வேண்டாம். கடையில் வாங்கும் கிரீமில் கிருமி வளராமல் இருக்கப் பதப்படுத்தும் பொருள் இருக்கும், நம் கிண்ணத்தில் இல்லை. மிஞ்சிய ஓட்ஸ், தயிர்க் கலவையை ஒரு முறை மூன்று நாள் வைத்துத் திறந்தேன். மேலே பஞ்சு மாதிரி பூத்திருந்தது. நாற்றம் வரும் முன்பே கிருமி வந்திருக்கும் என்பதால் மோந்து பார்த்து முடிவு செய்யவும் முடியாது. அரைத்த ஓட்ஸ் மாவை ஈரம் படாத டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் சேர்த்தது அன்றைக்கே தீரட்டும்.

இவ்வளவும் ஆரம்பித்ததில் மகளுக்கும் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. அவளுக்கு நெற்றியிலும் தாடையிலும் பரு. ஏதாவது ஒரு பேக் அதைப் போக்கிவிடும் என்று நினைத்தாள், நானும் உள்ளுக்குள் நினைத்தேன். தேன் போட்டோம், தயிர் போட்டோம், ஒன்றும் போகவில்லை. பருவுக்குக் காரணம் மயிர்க்கால் துளைக்குள்ளே அடைபடும் எண்ணெயும் செல்லும் அங்கே பெருகும் கிருமியும். மேலே பூசும் கஞ்சி அங்கே எட்டாது. நாலு மாதம் நான் அவளைக் காக்க வைத்துவிட்டேனே என்று இப்போது வருத்தப்படுகிறேன். தழும்பு விழுவதற்குள் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பென்சாயில் பெராக்சைடு ஜெல் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஆகிறது, நெற்றி தெளிந்துவிட்டது, தாடையில் இரண்டு மூன்று மிச்சம்.

அந்த ஜெல் கன்னத்தை வறட்டும், தோல் உரியும். மருத்துவரிடம் நான் பயந்துகொண்டே கேட்டேன், வீட்டில் ஓட்ஸ் போடலாமா என்று. தயிரும் தேனும் வேண்டாம், வெறும் ஓட்ஸ் என்றால் போடலாம், ஜெல் போடாத நேரத்தில் என்றார். இப்போது வாரம் ஒரு சாயங்காலம் நான் மாவைக் குழைத்து மூடி வைக்கிறேன், ஐந்து நிமிடம் கழித்து அவள் திறந்து ஸ்பூனைத் தூக்கிப் பார்க்கிறாள், நூல் இழுபடுகிறதா என்று. இழுபட்டால் இரண்டு பேரும் பூசிக்கொள்கிறோம், இப்போது முழு முகத்திலும்.